ஊசி முதலில், மடிக்கணினி பிறகு: டர்ன்டேபிளுக்குத் திரும்பும் டிஜேக்களுக்கு

பரணில் கிடக்கும் டர்ன்டேபிளை இறக்கித் துடைத்து, மடிக்கணினியையும் அருகில் வைத்துக்கொண்டு மீண்டும் தட்டு சுழற்ற நினைப்பவர், மென்பொருளுக்குப் பணம் செலவிடும் முன் ஊசியைக் கவனிக்க வேண்டும். கணினியிலுள்ள பாட்டை டர்ன்டேபிளால் இயக்க உதவும் டைம்கோடு தட்டில் பாட்டு கிடையாது. இடைவிடாத ஒரு ஒலிக்குறிப்பு மட்டுமே பதிந்திருக்கும். செராட்டோ என்ற டிஜே மென்பொருளின் தட்டில் அது 1 கிலோஹெர்ட்ஸ். ஊசி படித்து அனுப்பும் அந்த ஒலியைக் கொண்டே தட்டின் வேகம், திசை, ஊசி நிற்கும் இடம் ஆகியவற்றை மென்பொருள் கணித்து, கணினியிலுள்ள பாட்டை அதற்கேற்ப ஓட்டுகிறது. ஆகவே தேய்ந்த ஊசி தவறான செய்தியையே அனுப்பும்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று முதலில் பதம் பார்ப்பது ஹெட்ஷெல்லின் (ஊசி பொருத்தப்படும் தலைப்பகுதி) பின்புறமுள்ள நான்கு சிறு முனைகளைத்தான். அவற்றைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்துத் துடைத்தாலே பாதித் தொல்லை தீரும். பழைய தட்டில் ஒரு சானல் அறுந்தால் பாட்டு ஒரு பக்கம் மட்டும் கேட்கும், அவ்வளவுதான். டைம்கோடிலோ, இரு சானல்களையும் ஒப்பிட்டே திசை அறியப்படுவதால், பாட்டு தாறுமாறாக ஓடும். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது என்பதால், தட்டுகளைப் படுக்க வைக்காமல் நிறுத்தி, காற்றோட்டமுள்ள அலமாரியில் வைப்பது நல்லது. பூஞ்சை படிந்த 78 சுற்று அரக்குத் தட்டுகளை ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைக்கவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். அவற்றுக்கு அகலமான ஊசியும் தனியே வேண்டும்.

டைரக்ட் டிரைவ் (பட்டையில்லாமல் மோட்டாரே நேரடியாகத் தட்டைச் சுழற்றும்) டர்ன்டேபிளே இந்த வேலைக்கு ஏற்றது. 1979-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 இன்றும் போதும். செலவைக் குறைக்க விரும்புவோர் மிக்ஸ் (மூன்று எக்ஸ் போட்டு எழுதப்படுவது) என்ற இலவச மென்பொருளில் தொடங்கலாம். டைம்கோடு தட்டு மட்டும் அது ஏற்கும் வகையாக இருக்க வேண்டும். அளவுத்திருத்தம் செய்யும்போது, திரையில் தெரியும் வளையம் வட்டமாக வரும்வரை ஊசி எடையையும் இணைப்புகளையும் சரிபார்க்கவும்.

இரு பாடல்களின் தாளத்தைத் தானாகவே பொருத்தும் சிங்க் பொத்தானை நம்பி எழுபது, எண்பதுகளின் திரைப்பாடல்களைக் கலக்க முயல்பவர் ஏமாறுவார். அவற்றில் பெரும்பாலானவை வாத்தியக்காரர்கள் ஒன்றாக அமர்ந்து நேரில் வாசித்துப் பதிந்தவை. பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையே தாள வேகம் சற்றே ஏறி இறங்கும். மென்பொருள் வரையும் தாளக் கட்டம் இரண்டாம் இடையிசைக்குள் விலகிவிடும். அங்கே பழைய கைப்பழக்கமே துணை: காதொலிப்பானில் தபேலாவின் முதல் அடியைப் பிடித்து, தட்டின் ஓரத்தை விரலால் தொட்டுத் தாமதித்து, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் நழுவியைச் சிறிது நகர்த்தி, மறுபடியும் கேட்க வேண்டும்.

கொடை விழாப் பந்தலில் நிலைமை வேறு. பேஸ் பெட்டிகளின் அதிர்வு மேசைக்கு ஏறி ஊசியைத் துள்ள வைக்கும். கனமான கான்கிரீட் பலகையை ரப்பர்த் துண்டுகளின் மேல் இருத்தி, அதன்மேல் டர்ன்டேபிளை வைக்கவும். மென்பொருளை அப்சல்யூட் முறையில் (ஊசி நிற்கும் இடத்தைப் பின்பற்றுவது) விடாமல் ரிலேட்டிவ் முறைக்கு (வேகத்தையும் திசையையும் மட்டும் பின்பற்றுவது) மாற்றினால், ஊசி குதித்தாலும் பாட்டு விட்ட இடத்திலிருந்தே தொடரும். உறுமல் கேட்டால், டர்ன்டேபிளின் எர்த் கம்பி மிக்ஸரில் இறுக மாட்டியிருக்கிறதா என்று முதலில் பார்க்கவும்.