பாலைவனத்தில் புதரைப் பார்த்தே மண்ணைச் சொல்லலாம்

வட அமெரிக்காவின் மொஹாவி, சொனோரன் பாலைவனங்களுக்குப் போகிறவர்கள் கள்ளிகளை மட்டும் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கொஞ்சம் புதர்களையும் கவனியுங்கள்.

கண்ணுக்கு எட்டியவரை கிரியோசோட் புதர் நின்றால், அது பெரும்பாலும் நீர் தங்காமல் வடியும் சரளை மண். அதன் இலையைத் தொட்டால் பிசுபிசுக்கும். ஈரம் ஆவியாகாமல் காப்பது அந்தப் பிசின் பூச்சுதான். இலைமேல் வாயால் ஊதி முகர்ந்து பாருங்கள், அங்கே மழை பெய்தால் எழும் அதே வாசனை வரும். வயதான புதர் நடுவில் பட்டுப்போய், சுற்றிலும் வளையமாகத் துளிர்க்கும். மொஹாவியில் அப்படியொரு வளையத்தின் வயதை ஏறத்தாழ 11,700 ஆண்டுகள் என்று கணித்திருக்கிறார்கள்!

பள்ளத்தில் இறங்க இறங்க கிரியோசோட் மறைந்து சாம்பல் நிற சால்ட்புஷ் என்ற புதர் தொடங்கினால், உப்பு மண் வந்துவிட்டது என்று அர்த்தம். மெஸ்கீட் என்ற முள்மரம் செழித்திருந்தால் ஆழத்தில் நீர் இருக்கலாம். அதை நம்பிப் போக வேண்டாம், குடிநீரைக் கையோடு கொண்டுபோங்கள்.

அப்புறம், சொனோரனில் பாலோ வெர்டே மரத்தடியில் குனிந்து பாருங்கள். வெயிலுக்கும் உறைபனிக்கும் தப்பிய குட்டி சகுவாரோ கள்ளி தென்படலாம். கையை மட்டும் உள்ளே விடாதீர்கள், பாம்புக்கும் அந்த நிழல்தான் புகலிடம்.

புதர்களுக்கு நடுவே மண் கருத்து, சொரசொரப்பாக இறுகிக் கிடந்தால் தயவுசெய்து மிதிக்காதீர்கள். அது நுண்ணுயிர்கள் சேர்ந்து உருவாக்கிய உயிருள்ள படலம். மிதிபட்டால் மீண்டு வரப் பல ஆண்டுகள் ஆகும்.