தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

ராமேஸ்வரத்திலிருந்து கிளம்பும் கார்களில் பாதி நேராக, ரோடு முடியும் அரிச்சல்முனைக்குப் போய், அசோகத் தூண் முன்னால் படம் எடுத்துக்கொண்டு அரை மணியில் திரும்பிவிடுகிறது. வழியில் இருக்கும் தனுஷ்கோடியை 'அழிந்த ஊர்' என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலுக்குப் பின் அரசு அதை வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தது உண்மை. ஆனால் மீனவக் குடும்பங்கள் இன்றும் அங்கேதான் குடியிருக்கின்றன. இடிந்த சுவரையும் ஓலைக் குடிசையையும் சேர்த்துப் பார்க்க அரை நாளாவது வேண்டும்.

முதலில் காற்றைப் பார்த்து மாதத்தை முடிவு செய்யுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று பலமாக வீசும். மணல் பறந்து ரோட்டை மூடும், நின்று பேசக்கூட முடியாது. அக்டோபரில் தொடங்கும் வாடைக் காலம் மழையும் புயலும் சேர்ந்தது. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். சோதனைச் சாவடியிலேயே திருப்பி அனுப்பக்கூடும். ஆடி, தை, மகாளய அமாவாசை நாட்களில் தீர்த்தமாட வருகிறவர்களின் வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொள்ளும். அந்த நாட்களைத் தவிர்த்துவிடலாம்.

விடியற்காலையில் கிளம்புவதுதான் சரி. பகல் நேரத்துக்கு மட்டுமே அனுமதி, இருட்டும் முன் எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள். தனுஷ்கோடியில் தங்கும் விடுதி கிடையாது. ராமேஸ்வரம் பேருந்து நிலையத்திலிருந்து 3-ஆம் எண் டவுன் பஸ் போகிறது. ஏறும்போதே எதுவரை போகும், கடைசி வண்டி எப்போது என்று கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். ஆட்டோ பிடித்தால் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக் கூலி பேசுங்கள். 'போய்வர' என்று மட்டும் பேசிவிட்டு ஊருக்குள் ஒரு மணி நேரம் நின்றால் திரும்பும்போது தகராறு வரும். பெட்ரோலை டவுனிலேயே போட்டுக்கொள்ளுங்கள். சில்லறையாகப் பணம், ஆதார் அட்டை, ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், தொப்பி ஆகியவை கட்டாயம். முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினால் ஒதுங்க நிழல் அபூர்வம்.

அங்கிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கி.மீ. தார் ரோடு. 2017-ல் திறந்தார்கள். அதற்கு முன் வேன்கள் மணலிலும் கடலோரத்திலும் இறங்கித்தான் போய்வந்தன. பாதி வழியில் தனுஷ்கோடி ஊர் வரும். ரோட்டுக்கு இருபுறமும் கடல், வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. பைக்கில் போகிறவர்கள் 40 கி.மீ. வேகத்தைத் தாண்ட வேண்டாம். பக்கவாட்டுக் காற்று வண்டியைத் தள்ளும், ரோட்டில் படிந்த மணலில் பிரேக் போட்டால் சறுக்கும்.

காரை ரோட்டை விட்டு இறக்காதீர்கள். மேலே காய்ந்து இறுகினாற்போலத் தெரியும் மணலுக்கு அடியில் ஈரம் கசிந்துகொண்டிருக்கும். சக்கரம் புதைந்தால் ஆக்ஸிலேட்டரை மிதிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. சக்கரம் சுற்றச் சுற்றக் குழி ஆழமாகி, வண்டியின் அடிப்பாகம் மணலில் உட்கார்ந்துவிடும். இறங்கி நான்கு டயரிலும் காற்றை 18 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறையுங்கள். டயருக்கு முன்னும் பின்னும் மணலைச் சரிவாக வாரிவிட்டு, காருக்குள் விரித்திருக்கும் மிதியடியையோ பலகையையோ போட்டு, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னால் எடுங்கள். ரோட்டுக்கு வந்த பிறகு வேகமெடுக்காமல் போய், முதலில் கிடைக்கும் இடத்தில் காற்று நிரப்புங்கள். அன்றைக்கே வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவினால் உப்புத் துரு பிடிக்காது.

முதலில் அரிச்சல்முனையில் சூரிய உதயம். வெயில் ஏறுமுன் ஊருக்குத் திரும்பிவிடுங்கள். தேவாலயம், ரயில் நிலையம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் நடக்கும் தூரம்தான். தேவாலயச் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: கடலிலிருந்து எடுத்த பவளக் கல்லைச் சுண்ணாம்பு வைத்துக் கட்டியது. உப்புக் காற்றில் அந்தச் சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டே இருக்கிறது. சுவரில் சாய்வதும், ஏறி நின்று படம் எடுப்பதும் உங்களுக்கும் ஆபத்து, சுவருக்கும் ஆபத்து. பாம்பனிலிருந்து வந்த 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில் பயணிகளோடு அன்றிரவு அலையில் போன இடம் இது. அந்தப் புயலில் உறவைப் பறிகொடுத்த குடும்பங்கள் ராமேஸ்வரம் தீவில் இன்னும் உண்டு.

ஊருக்குள் பார்க்க வேண்டிய இன்னொன்று ஊத்து. கடலுக்குச் சில அடி தூரத்தில், மணலில் மூன்று நான்கு அடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். மணலில் இறங்கிய மழைநீர், கனமான உப்புநீருக்கு மேல் மிதந்து நிற்பதால் இப்படி. இன்னும் ஆழமாகத் தோண்டினாலோ, ஒரேயடியாக நிறைய இறைத்தாலோ அடியிலிருக்கும் உப்புநீர் மேலேறி ஊத்து கெட்டுவிடும். அதனால்தான் பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாக அகப்பையால் மொள்ளுகிறார்கள். அதில் கை கால் கழுவாதீர்கள். தண்ணீர் எடுக்கிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். "அக்கா, எடுக்கலாமா?" என்று கேட்டால் போதும்.

கரைவலை இழுக்கும் நேரமாக இருந்தால் ஓரமாக நின்று பாருங்கள், இழுபடும் கயிற்றைத் தாண்டாதீர்கள். மீன் சாப்பிட நினைத்தால் பொரிக்கும் முன்பே விலையைக் கேளுங்கள். செவுள் சிவந்து, கண் துருத்தி, விரலால் அழுத்திய சதை மறுபடி எழும்பினால் அன்றைய மீன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு, கரைவலை மீன்தான் கிடைக்கும், அளவும் குறைவு.

பவளத் துண்டு, கடல் குதிரை, கடல் அட்டை எதையும் யார் விற்றாலும் வாங்காதீர்கள், கரையில் கிடந்தாலும் எடுக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

அரிச்சல்முனையில் குளிக்க இறங்கவே கூடாது. இரண்டு கடலும் சேருமிடத்தில் நீரோட்டம் நாளுக்கு நாள் மாறும், அடிமணல் காலுக்குக் கீழே நழுவும். வடக்குப் பக்கம் குளம் போலக் கிடப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

அங்கே நின்றால் செல்போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும், ரோமிங்கை முன்கூட்டியே அணைத்துவிடுங்கள். தலைமன்னார் சுமார் 30 கி.மீ.தான். இடையில் வரிசையாக தீடைகள், அதாவது மணல் திட்டுகள். "தீடைக்குக் கூட்டிப் போங்கள்" என்று படகுக்காரரைக் கேட்காதீர்கள். அனுமதியில்லாமல் ஆள் ஏற்றினால் விசாரணையில் மாட்டுவது அவர்தான். அனுமதியில்லாமல் டிரோனும் பறக்கவிடக் கூடாது. கடற்படை, கடலோரக் காவல் நிலைகளைப் படம் எடுப்பதும் வேண்டாம். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, இலங்கைச் சிறையில் இருந்து வந்தவர்களும் படகைப் பறிகொடுத்தவர்களும் இந்தக் கரையில் நிறைய. அவர்களாகப் பேசினால் கேளுங்கள், துருவ வேண்டாம்.

கச்சத்தீவைப் பார்க்க ஒரே வழி அங்குள்ள அந்தோணியார் கோயில் திருவிழா. 285 ஏக்கர் தீவு. 1974 ஒப்பந்தத்தில் இலங்கைக்குப் போனாலும், யாத்திரைக்கு விசா தேவையில்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அந்த ஒப்பந்தத்தை எதிர்த்து இங்கே குரல் இன்னும் ஓயவில்லை. பிப்ரவரி அல்லது மார்ச்சில் இரண்டு நாள் விழா. ராமேஸ்வரம் வேர்க்கோடு தேவாலயத்தின் பங்கு அலுவலகம் வழியாக, ஆதார் நகலும் புகைப்படமும் கொடுத்துச் சில வாரம் முன்பே பதிய வேண்டும். பதிவான படகில்தான் ஏற முடியும். இரவு திறந்த வெளியில்தான் படுக்கை. தண்ணீரும் போர்வையும் கொண்டுபோங்கள்.

திரும்பும் வழியில் கோதண்டராமர் கோயில் பக்கத்து உப்பங்கழி ஓரமாக வண்டியை நிறுத்துங்கள். 1964 புயலில் தப்பி நின்ற கோயில் அது. ஜனவரிக்குப் பின் பூநாரைகள் அந்த ஆழமில்லாத தண்ணீரில் தலைகீழாக அலகை வைத்து இரை தேடும். பைனாகுலர் இருந்தால் நல்லது, பறக்கவைக்கக் கல் எறியாதீர்கள், சேற்றுக்குள் இறங்காதீர்கள். மேய்கிற கூட்டம் மொத்தமாகத் தலையைத் தூக்கி, ஒரே திசையில் நடக்க ஆரம்பித்தால் நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். சத்தமில்லாமல் பின்வாங்கி நின்றால், கொஞ்ச நேரத்தில் மறுபடி தலையைக் கவிழ்த்துக்கொள்ளும்.