முதலில் உடம்பு, கேஸ் அப்புறம்

நான் குமரி மாவட்டத்தில் அரசு மருத்துவமனை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது தக்கலைப் பக்கம் இருக்கிறேன். யாராவது கூப்பிட்டால் ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் துணைக்குப் போவேன். பாலியல் வன்கொடுமை நடந்த வீடுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்: “கேஸ் கொடுக்கணுமா, வேண்டாமா” என்று கதவைச் சாத்திக்கொண்டு பேசியே மூன்று நாள் போய்விடுகிறது. சில முக்கியமான மருந்துகளுக்கு அந்த மூன்று நாள்தான் கெடு. கேஸைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம், ஆஸ்பத்திரிக்கு இன்றைக்கே போங்கள்.

இப்போதும் அந்த ஆளால் ஆபத்து என்றால் முதலில் 112-ஐ அழையுங்கள். எங்கே போவது, யாரிடம் சொல்வது என்று தெரியாவிட்டால் பெண்கள் உதவி எண் 181. ஒருங்கிணைந்த சேவை மையத்தோடு இணைத்துவிடச் சொல்லிக் கேளுங்கள். தற்காலிகமாகத் தங்க இடம், ஆலோசனை, போலீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் துணை எல்லாம் அந்த மையத்தின் வேலை.

முடிந்தால் குளிக்காமல், உடை மாற்றாமல் போங்கள். மாற்றிவிட்டால் அந்தத் துணிகளைத் துவைக்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காகிதத்தில் பொதிந்து எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஈரம் நின்று பூசணம் பிடிக்கும். குளித்தாயிற்று, இரண்டு நாள் ஆயிற்று என்றாலும் போகத்தான் வேண்டும்.

நாகர்கோவில் பக்கம் என்றால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மேற்கே உள்ளவர்களுக்குத் தக்கலையிலும் குழித்துறையிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரியானாலும் இலவசமாகச் சிகிச்சை கொடுத்தே ஆக வேண்டும், மறுப்பது குற்றம். சீட்டு எழுதும் இடத்தில், பத்துப் பேர் காது கேட்க எதையும் விவரிக்க வேண்டாம். “டாக்டரிடம் தனியாகப் பேசணும், அவசரம்” என்றால் போதும்.

உள்ளே போனதும் இவற்றைக் கேட்டு வாங்குங்கள். கர்ப்பத் தடுப்பு மாத்திரை: 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து: அதையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். சிலருக்குக் குமட்டும், அதற்காக நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மஞ்சள் காமாலை பி தடுப்பூசியும், காயம் இருந்தால் டி.டி. ஊசியும் கேளுங்கள். நாள் கடந்து கர்ப்பம் தெரியவந்தாலும் 24 வாரம் வரை கலைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது.

பரிசோதனைக்கு உங்கள் சம்மதம் வேண்டும். ஏதாவது ஒரு பகுதிக்கு வேண்டாம் என்று சொல்லலாம், அதற்காகச் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. பெண்ணுறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் பரிசோதனையை யாரும் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் மிகக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. ஆஸ்பத்திரி போலீசுக்குத் தகவல் கொடுக்கும், அது அவர்கள் கடமை. “இப்போது புகார் கொடுக்க விருப்பமில்லை” என்று நீங்கள் சொன்னால் அதையும் எழுதிக்கொள்வார்கள். ஆனால் 18 வயதுக்குக் கீழ் என்றால் கதை வேறு. விஷயம் தெரிந்த யாரானாலும், டீச்சரோ பக்கத்து வீட்டுக்காரரோ, போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் அப்படிச் சொல்கிறது, ஆண் பிள்ளைக்கும் அதே சட்டம்தான். குழந்தைகளுக்கான எண் 1098.

துணைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. “அந்த நேரத்தில் அங்கே எதுக்குப் போனா?” என்ற கேள்வியை மட்டும் கேட்காதீர்கள். அம்மாவே கேட்டு, அதற்குப் பிறகு வாயே திறக்காமல் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். “மக்களே, நான் கூட இருக்கேன், நீ ஒண்ணும் தப்பு பண்ணல” என்று சொல்லிவிட்டுச் சும்மா பக்கத்தில் உட்காருங்கள். முன்னுக்குப் பின் மாற்றிச் சொன்னால் பொய் என்று நினைத்துவிடாதீர்கள். பயத்தில் நினைவு அப்படித்தான் துண்டு துண்டாக வரும்.

புகார் கொடுப்பது என்று முடிவானால் எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். சம்பவம் பாறசாலையில் நடந்திருந்தாலும் மார்த்தாண்டத்தில் பதிவு செய்து, அவர்கள்தான் கேரளாவுக்கு அனுப்ப வேண்டும். வாக்குமூலத்தைப் பெண் அதிகாரி எழுத வேண்டும், வீட்டுக்கே வரச் சொல்லலாம். குழந்தையிடம் சீருடை இல்லாமல்தான் பேச வேண்டும். சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பப் பார்த்தால் நகராதீர்கள். அது புகாரை வாங்கிக்கொண்டதற்கான சீட்டு மட்டும்தான், வழக்குப் பதிவு செய்யும் எஃப்.ஐ.ஆர். வேறு. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பதிய மறுத்தால் நாகர்கோவில் எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதிப் போடுங்கள். மாதங்கள் கழித்துச் சொன்னாலும் பாலியல் வன்கொடுமைப் புகாரை “லேட்” என்று தள்ள முடியாது.

இதையெல்லாம்விடக் கஷ்டமானது ஊர்ப் பேச்சு. ஊர் கமிட்டிக்காரரோ சபையில் பெரியவரோ சொந்தத்தில் ஒரு மாமாவோ வந்து, “பேசி முடிச்சிருவோம், பிள்ளைக்கு நாளை கல்யாணம் ஆக வேண்டாமா?” என்பார்கள். எனக்கு இதைக் கேட்டாலே நெஞ்சு கொதிக்கும். இந்தக் குற்றத்தைச் சமரசம் செய்ய சட்டத்தில் இடமே இல்லை. எந்த வெள்ளைத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பாதிக்கப்பட்டவர் பெயரை வாட்ஸாப்பில் போட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு, அதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

வக்கீலுக்குப் பணம் தேட வேண்டாம். நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, எண் 15100. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். இழப்பீட்டு மனுவும் அங்கேதான். தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, இடைக்கால இழப்பீடும் கேட்கலாம். முந்திரி ஆலையிலோ கடையிலோ வேலை இடத்தில் நடக்கும் தொந்தரவுக்குத் தனிக் குழு இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம்.

தூக்கம் வராது, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடும், சாப்பாடு இறங்காது. வாரங்கள் கழித்தும் இது தொடர்ந்தால் மனநல டாக்டரைப் பாருங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தால் அரசு மனநல உதவி எண் 14416-ஐ அழைக்கலாம். தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. ஆண்களும் அழைக்கலாம். செத்துப் போகலாம் என்று நினைப்பு வந்தால் விடியட்டும் என்று இருக்காமல் அப்போதே அழையுங்கள், வீட்டில் ஒருவரை எழுப்பிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரிச் சீட்டு, எஃப்.ஐ.ஆர். நகல், மனுக்களின் நகல், தபால் ரசீது எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். அவன் அனுப்பிய மெசேஜ்களை அழிக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து, நம்பிக்கையான வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள்.