ப்ளீஸ் போட்டால் மட்டும் போதுமா? ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்கும் முறை

தமிழில் 'அனுப்பு' என்பதோடு ஒரு 'ங்க' ஒட்டினால் மரியாதை வந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. நீ, நீங்கள் இரண்டுக்குமே 'யூ'தான். ஆகவே மரியாதையை வேறு சொற்களில்தான் காட்டியாக வேண்டும். 'ஐ வான்ட் த ரிப்போர்ட் டுடே' என்ற வாக்கியத்தையே எடுத்துச் சரிசெய்வோம்.

படி 1: 'வான்ட்' வேண்டாம். இலக்கணப்படி தப்பில்லை, ஆனால் அதட்டல் போல ஒலிக்கும். 'ஐ வுட் லைக்' என்று மாற்றுங்கள்.

படி 2: கேள்வியாக்குங்கள். 'ப்ளீஸ் சென்ட் த ரிப்போர்ட்' என்றாலும் அது கட்டளைதான். ப்ளீஸ் அதன் முனையை மழுக்குகிறது, அவ்வளவே. 'கேன் யூ சென்ட் இட் டுடே?' என்றால், முடியாது என்று சொல்ல எதிராளிக்கு இடம் கிடைக்கிறது. 'கேன்' என்பதன் இறந்தகால வடிவமான 'குட்' (could) போட்டால் இன்னும் பணிவு. வடிவம்தான் இறந்தகாலம், கேட்பது இன்றைய வேலையைத்தான். 'வில்', 'வுட்' ஜோடியும் இப்படியே. 'மே' மட்டும் வேறு ரகம்: 'மே ஐ கம் இன்?' என்று நமக்கு அனுமதி கேட்கலாம், 'மே யூ சென்ட்' என்று பிறரிடம் வேலை சொல்ல முடியாது.

படி 3: 'கைண்ட்லி'யைக் குறையுங்கள். நம் அலுவலகங்களில் அது ப்ளீஸுக்கு ஒரு படி மேல். பிரிட்டன், அமெரிக்காவில் பலருக்கு அது பழைய பாணி. சில இடங்களில் எரிச்சலை அடக்கிக்கொண்டு பேசுவது போலவும் படும்.

படி 4: அறிவுரை சொல்லும்போது கவனம். இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். 'ஹேட் பெட்டர்' (had better) என்பதில் 'பெட்டர்' இருப்பதால் 'ஷுட்'டைவிட மென்மை என்று தோன்றும். உண்மையில் அது எச்சரிக்கை. 'யூ ஹேட் பெட்டர் பே பை ஃப்ரைடே' என்றால், கட்டாவிட்டால் வினை என்று பொருள். மேலதிகாரியிடம் 'யூ மைட் வான்ட் டு செக் திஸ்' என்பது பாதுகாப்பு. ஆனால் விருந்தாளியிடம் 'யூ மஸ்ட் ட்ரை திஸ் வடை' என்று தாராளமாகச் சொல்லலாம். பலன் விருந்தாளிக்கே போவதால் அங்கே 'மஸ்ட்' உபசரிப்பு ஆகிவிடுகிறது. 'ஹேவ் எ சீட்' என்பதும் அதே கணக்குதான்; ப்ளீஸ் இல்லாவிட்டாலும் குறையில்லை.

படி 5: அளவு பாருங்கள். முன்பின் தெரியாதவரிடம் பெரிய உதவி கேட்க 'ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட்' பொருந்தும். பக்கத்தில் சாப்பிடும் நண்பனிடம் உப்பு கேட்க அதையே எடுத்துவிட்டால், கிண்டல் செய்கிறீர்கள் என்றே நினைப்பான்.