சுரபுன்னை மரங்களில் மரபணு வேறுபாட்டைப் பார்ப்பது எப்படி?

பிச்சாவரத்துச் சுரபுன்னைகளில் மரத்துக்கு மரம் மரபணு எப்படி மாறுகிறது என்று பார்க்கப் போகிறீர்களா? டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆர் மெஷினைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம், முதலில் இலையைக் கவனியுங்கள். டானின் என்ற துவர்ப்புப் பொருளும் சர்க்கரைப் பசையும் நிறைந்த இலை இது. அவற்றை நீக்காவிட்டால் பின்னால் செய்வதெல்லாம் வீண். என் மாணவர்களிடம் நான் ஓயாமல் சொல்வது இதைத்தான்.

வனத்துறை அனுமதி வாங்கிய பிறகே காட்டுக்குள் போங்கள். கிளை நுனியில் அப்போதுதான் விரிந்த இலை போதும், முற்றியது வேண்டாம். சேறும் உப்பும் போகக் கழுவி, ஈரத்தை ஒற்றியெடுத்து, இலை எடையைப் போலப் பத்து மடங்கு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு கவரில் போடுங்கள். சுரபுன்னை விதை மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, பல சமயம் தாய்மரத்தடியிலேயே சேற்றில் குத்தி நின்றுவிடும். அடுத்தடுத்த மரங்கள் தாயும் பிள்ளையுமாக இருக்கலாம். அதனால் நன்றாக இடைவெளி விட்டு, ஒரு பகுதிக்கு 25, 30 மரங்களாவது எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஜிபிஎஸ் புள்ளி குறித்துக்கொள்ளுங்கள்.

டிஎன்ஏவைப் பிரிக்க, இலையைத் திரவ நைட்ரஜனில் மாவாக அரையுங்கள். சிடிஏபி (செல்லை உடைக்கும் சோப்புப் பொருள்) 2 சதவீதம், சோடியம் குளோரைடு 1.4 மோலார், ட்ரிஸ் 100 மில்லிமோலார் (பிஎச் 8), ஈடிடிஏ 20 மில்லிமோலார், பிவிபி 2 சதவீதம் கலந்த கரைசலை 65 டிகிரிக்குச் சூடாக்கி ஊற்றுங்கள். பிவிபிதான் டானினைப் பிடித்து வைக்கும், அதில் சிக்கனம் கூடாது. பீட்டா மெர்காப்டோஎத்தனாலைக் கடைசி நேரத்தில், ஃபியூம் ஹூடுக்குள் வைத்துச் சேருங்கள். ஒரு மணி நேரம் வாட்டர் பாத். பிறகு குளோரோஃபார்ம், ஐசோஅமைல் ஆல்கஹால் 24:1 கலவை சேர்த்து சென்ட்ரிஃபியூஜில் சுற்றுங்கள். டிஎன்ஏ இருக்கும் மேலடுக்கை மட்டும் எடுங்கள். நடுவில் நிற்கும் வெள்ளை வளையத்தை பிப்பெட் டிப் தொடவே கூடாது. வளையம் மெலியும்வரை திரும்பச் செய்யுங்கள்.

இந்த இடத்தில் 5 மோலார் சோடியம் குளோரைடைப் பாதி அளவு சேர்த்துவிட்டு ஐசோபுரொப்பனால் ஊற்றினால், சர்க்கரைப் பசை பெரும்பாலும் கரைசலிலேயே தங்கிவிடும். மறுபடி சுற்றியதும் அடியில் படியும் டிஎன்ஏ பெல்லட் வெள்ளையாக இருந்தால் நல்லது. பழுப்பு என்றால் டானின் மிச்சம். கண்ணாடி போலத் தெளிந்து, பிசின் மாதிரி வழுக்கினால் அது சர்க்கரை. 70 சதவீத எத்தனாலில் கழுவி உலர்த்தி, ஆர்என்ஏவைச் சிதைக்கும் ஆர்என்ஏஸ் நொதி கலந்த டிஇ (ட்ரிஸ், ஈடிடிஏ) கரைசலில் கரையுங்கள். டிஎன்ஏ எவ்வளவு சுத்தம் என்று காட்டும் ஒளி உறிஞ்சல் அளவில் 260/280 விகிதம் 1.8, 260/230 விகிதம் 2 அளவில் இருக்க வேண்டும். பிசிஆரில் எதுவும் வரவில்லை என்றால் பிரைமரை (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டை) குறை சொல்லாதீர்கள். டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்து ஓட்டுங்கள். அப்போது ஜெல்லில் பேண்ட் (டிஎன்ஏ கோடு) வந்தால் மிச்சமிருந்த அழுக்குதான் தடுத்திருக்கிறது.

மரங்களை ஒப்பிட எந்த மார்க்கர் (டிஎன்ஏ அடையாளம்)? எங்கும் ஒட்டக்கூடிய குறும் பிரைமரை நம்பும் ஆர்ஏபிடி வேண்டாம், ஒரு ஆய்வகத்தில் வந்தது இன்னொன்றில் வராது. கையில் பணம் குறைவென்றால், திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ குறுந்தொடர்களுக்கு இடைப்பட்ட பகுதியைப் பார்க்கும் ஐஎஸ்எஸ்ஆர். அகரோஸ் ஜெல்லே போதும், ஆனால் ஒரு பேண்ட் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்ததா, ஒருவரிடமிருந்து மட்டும் வந்ததா என்று அது சொல்லாது. முடிந்தால் அந்தக் குறுந்தொடர்களின் நீளத்தையே பார்க்கும் மைக்ரோசாட்டிலைட்டுக்குப் போங்கள். பிச்சாவரத்தில் ரைசோபோரா அபிகுலாட்டா, ரைசோபோரா முக்ரோனாட்டா என்ற இரு சுரபுன்னை இனங்களும் கலந்து பிறந்த மரமும் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பேரால் அதற்கு அண்ணாமலையானா என்று பெயர். இரு பெற்றோரின் அல்லீல்களும் (மரபணு வடிவங்களும்) ஒரே மரத்தில் சேர்ந்து இருப்பது மைக்ரோசாட்டிலைட்டில் தெளிவாகத் தெரியும். கலப்பினத்தைத் தெரியாமல் அபிகுலாட்டா கணக்கில் சேர்த்துவிட்டால், அந்த இனத்தில் இல்லாத வேறுபாடு இருப்பதாகக் காட்டும்.

ஒவ்வொரு முறையும் டிஎன்ஏ இல்லாத ஒரு டியூபைக் கூடவே ஓட்டுங்கள். அதில் பேண்ட் தெரிந்தால் அன்றைய ஜெல் முழுவதையும் கணக்கில் எடுக்காதீர்கள். பத்தில் ஒரு மாதிரியையாவது புதிதாக டிஎன்ஏ எடுத்து மறுபடி ஓட்டி, இரண்டு முறையும் ஒரே மாதிரி வந்த பேண்டுகளை மட்டும் கணக்கில் சேருங்கள்.