எந்தச் சுருதி டியூபா? குழுவில் வாசிக்கத் தொடங்குபவர்களுக்கு

பித்தளைக் காற்றுக் கருவிகளில் மிகத் தாழ்ந்து ஒலிக்கும் டியூபா பொதுவாக நான்கு சுருதிகளில் வருகிறது: பி ஃபிளாட், சி, ஈ ஃபிளாட், எஃப். குழாயின் நீளம் முறையே கிட்டத்தட்ட 18, 16, 13, 12 அடி. நீளம் கூடக் கூட ஸ்வரம் தாழும்.

முதல் படி: கருவியைப் பிறகு பார்க்கலாம், முதலில் குழுவைப் பாருங்கள். பிரிட்டிஷ் பாணி பிராஸ் பேண்டில் (பித்தளைக் காற்றுக் கருவிகளே பிரதானமான குழு) இரண்டு ஈ ஃபிளாட், இரண்டு பி ஃபிளாட் என்று இடம் வகுத்தே வைத்திருப்பார்கள். எந்த நாற்காலி காலியோ, அதுதான் உங்கள் டியூபா. விண்ட் பேண்டு (கிளாரினெட், புல்லாங்குழல் போன்றவையும் சேர்ந்த குழு) என்றால் தயங்காமல் பி ஃபிளாட். ஆர்கெஸ்ட்ராவில் நாட்டுக்கு நாடு வழக்கம் மாறும். அமெரிக்காவில் சி அதிகம், ஜெர்மனியில் பி ஃபிளாட்டும் எஃப்பும்.

இரண்டாவது படி, இசைத்தாள். புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பேஸ் கிளெஃப் (தாழ்ந்த ஸ்வரங்களுக்கான தொடக்கக் குறி) போட்ட தாளில் ஒலிக்கும் ஸ்வரத்தையே எழுதியிருப்பார்கள். டியூபா மாறினாலும் தாள் மாறாது, விரல்தான் மாறும். ஐந்து கோடுகளுக்குக் கீழே, இரண்டாவது துணைக்கோட்டில் வரும் சி ஸ்வரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சி டியூபாவில் எந்த வால்வையும் (அழுத்தினால் குழாயின் நீளத்தைக் கூட்டும் விசை) தொட வேண்டாம். ஈ ஃபிளாட்டில் 1, 2-வது வால்வுகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். பி ஃபிளாட்டிலும் எஃப்பிலும் 4-வது வால்வு, அது இல்லாவிட்டால் 1, 3 சேர்த்து. பிராஸ் பேண்டில் வேறு கதை: ட்ரெபிள் கிளெஃபில் (உயர்ந்த ஸ்வரங்களுக்கான குறி), கருவிக்கேற்ப மாற்றி எழுதித் தருவார்கள். கார்னெட் (ட்ரம்பெட் போன்ற சிறிய கருவி) வாசித்தவர் அதே விரல்களோடு டியூபாவுக்கு வந்துவிடலாம்.

மூன்றாவது படி: நான்காவது வால்வு இருக்கிறதா? பி ஃபிளாட் டியூபாவில் அதே சி ஸ்வரத்தை 1, 3 சேர்த்து ஊதி டியூனரை (சுருதி சரியா என்று காட்டும் கருவி) பாருங்கள், முள் மேலே ஏறி நிற்கும். இரண்டு வால்வுகளைச் சேர்த்து அழுத்தும்போது கூடுகிற குழாய் நீளம் போதாது, அதுதான் காரணம். இப்போது 4-வது வால்வில் ஊதுங்கள், சுருதி சரியாக உட்காரும். மூன்றே வால்வு உள்ள ஈ ஃபிளாட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோடுகளுக்கு வெகு கீழே உள்ள ஏ ஸ்வரத்துக்கும் கீழே சில ஸ்வரங்கள் கிடைக்கவே கிடைக்காது.

அப்புறம், எஃப் டியூபா. தனி வாசிப்புக்கும் உயர்ந்த பகுதிகளுக்கும் அருமையான கருவி, ஆனால் முதல் கருவியாக வேண்டாம். மேலே சொன்ன அந்த சி, பல எஃப் டியூபாக்களில் பிடி கொடுக்காமல் நழுவும்.

குழுவில் டியூபா ஒன்றுதான் என்றால் நான்கு வால்வு பி ஃபிளாட் எடுங்கள். இரண்டாவதாக ஒருவர் சேர்ந்தால் அவர் கையில் ஈ ஃபிளாட் இருக்கட்டும். ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) மேலே அவர் சேர்ந்து வாசிக்கும்போது, உங்கள் தாழ்ந்த ஸ்வரம் அரங்கின் கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்கும்.