இரண்டு கட்டடங்களை ஒப்பிட ஒரு சுலப வழி

கட்டடக்கலை படிப்பவர்களுக்கும், ஊர் சுற்றிப் பார்ப்பவர்களுக்கும் ஒரு குறிப்பு. எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் முதலில் கேளுங்கள்: இதன் எடை எந்த வழியாகத் தரைக்கு வருகிறது? வடிவத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தஞ்சைப் பெரிய கோயிலையும் சென்னை அண்ணா சாலை எல்ஐசி கட்டடத்தையும் எடுத்துக்கொள்வோம். 1010-இல் முடிந்த கோயில் விமானத்தில், அதாவது கருவறைக்கு மேல் எழும் கோபுரத்தில், கருங்கல் மேல் கருங்கல். எடை முழுவதும் சுவர் வழியாகவே இறங்குகிறது. கருவறையைச் சுற்றி இரண்டு கனத்த சுவர்கள், நடுவே ஒரு குறுகிய நடை. சோழர் ஓவியங்கள் இருப்பது அங்கேதான். மேலே போகப் போக அடுக்குகள் உள்வாங்குகின்றன. அதனால்தான் அந்தக் கூம்பு வடிவம்.

1959-இல் திறந்த எல்ஐசியில் எடையைத் தாங்குபவை கான்கிரீட் தூண்களும் உத்திரங்களும். சுவருக்கு அந்த வேலை இல்லை. ஆகவே அடியிலிருந்து உச்சிவரை நேராக எழும்ப முடிகிறது, வரிசையாக ஜன்னல் வைக்க முடிகிறது.

அப்புறம் பயன்பாடு. எல்ஐசியில் மாடிக்கு மாடி ஆட்கள் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். விமானத்தின் உயரமோ ஆள் புழங்குவதற்கானது அல்ல. 200 அடிக்கு மேல் எழுந்து நிற்பது கீழே இருக்கும் ஒரே லிங்கத்துக்காக. எனக்கு இந்த வித்தியாசம்தான் மிக அழகானது.

சூழலைப் பார்க்கக் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். பெரிய கோயிலில் அதற்கு விரிந்த பிராகாரம் இருக்கிறது. அண்ணா சாலையில் எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய்த்தான் அண்ணாந்து பார்க்க வேண்டும்.